உடலுக்கும் எந்திரத்துக்கும் ஒரே கண்மட்டம்

வரையக் கற்க விரும்புகிறவருக்குத் தமிழ்நாட்டில் இரண்டு விதமான வகுப்பறைகள் உண்டு. ஒன்றில் மினி டிராஃப்டர் பொருத்திய டிராயிங் போர்டுகள் இருக்கும். இந்த வார்ப்பிரும்புத் துண்டின் ஃப்ரண்ட் வியூ எது, டாப் வியூ எது, கூம்பைச் சாய்வாக வெட்டினால் எந்த முகம் கிடைக்கும் என்று முதலாண்டுப் பொறியியல் மாணவரும் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சி பெறுபவரும் அங்கே கோடு போடுகிறார்கள். இன்னொன்றில் ஈசல்கள் வட்டமாக நிற்கும்; நடுவே ஒரு மேடையில் மாடல் அசையாமல் அமர்ந்திருப்பார்; சுற்றிலும் கரித்துண்டோடு கவின்கலை மாணவர்கள். முதல் அறையில் படித்தவர் கியர் பெட்டியைப் பிசிறில்லாமல் வரைவார். அதைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஆளின் குனிந்த முதுகை வரையச் சொன்னால் அவர் கை நின்றுவிடும். இரண்டாம் அறையில் படித்தவர் அந்த முதுகைத் தசையோடும் எடையோடும் கொண்டுவந்துவிடுவார். பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் தரையில் ஊன்றாமல் கோணிக்கொண்டு நிற்கும்.

உடலை வரைவதும் எந்திரத்தை வரைவதும் இரண்டு திறமைகளா? அப்படித்தான் பாடத்திட்டங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. ஆழத்தையும் தூரத்தையும் தட்டையான தாளில் காட்டும் பர்ஸ்பெக்டிவ் என்ற கலை பிறந்து வளர்ந்த கதையைப் புரட்டினாலும், இன்று அதை நன்றாகக் கற்றுத்தருகிறவர்களின் முறைகளைக் கூர்ந்து பார்த்தாலும் விடை வேறாக இருக்கிறது. திறமை ஒன்றுதான். ஒரு கனவடிவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்த்து, திருப்பிய நிலையிலேயே அதைத் தாளில் வைக்கத் தெரிவது. அந்தக் கனவடிவம் முழங்கையா சிலிண்டரா என்பது அடுத்த கேள்வி.

கதை ஃப்ளோரன்ஸில் தொடங்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி அந்நகரத்து ஞானஸ்நான ஆலயத்தைப் பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளையிட்டு, எதிரே கண்ணாடியைப் பிடித்துத் துளை வழியே பார்க்கச் செய்தார். படமும் கட்டடமும் ஒன்றாகத் தெரிந்தன. அது செய்துகாட்டல் மட்டுமே. 1435-இல் அதைப் பாடமாக எழுதிவைத்தவர் அல்பெர்ட்டி. அவருடைய ஓவிய நூலில் என்னை மிகவும் கவர்வது அவர் தேர்ந்த அளவுகோல். சட்டகத்தின் அடிக்கோட்டை எத்தனை பாகமாகப் பிரிப்பது என்ற கேள்வி வந்ததும், முன்னால் நிற்கும் ஓர் ஆளின் உயரத்தை மூன்றாக வகுத்து அந்த அளவையே எடுத்துக்கொள்கிறார். எல்லாக் கோடுகளும் சென்று சேரும் மையப்புள்ளியையும் அந்த ஆளின் உயரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறார். பர்ஸ்பெக்டிவைக் கற்பித்த முதல் நூலிலேயே வெளியை அளக்கும் கோல் மனித உடல்தான். கட்டடத்தை வரைந்துவிட்டுப் பிறகு ஆட்களை ஒட்டவைக்கும் பழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

அல்பெர்ட்டி இன்னொன்றையும் கவனித்தார். கோயிலுக்குள் கூடியிருக்கும் ஆட்களின் தலைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரிகின்றன. தூரத்து ஆட்களின் பாதங்கள்தான் மேலேறிப் பக்கத்தில் நிற்பவரின் முழங்கால் அளவுக்கு வருகின்றன. கற்பவர் முதல் நாளே நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது இது. சமதரையில் நீங்கள் நின்று பார்க்கிறீர்கள், உங்கள் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், தொடுவானக் கோடு அந்தத் தரையில் நிற்கும் ஒவ்வொன்றையும் 1.5 மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். பக்கத்தில் இருந்தாலும் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மாறாது. மூன்று மீட்டர் உயரப் பேருந்தை அது சரிபாதியாக வெட்டும். 1.8 மீட்டர் உயர ஆளை ஆறில் ஐந்து பங்கில் வெட்டும். சிறிய காரின் கூரை அந்தக் கோட்டையொட்டி வந்து நிற்கும். 75 சென்டிமீட்டர் உயரக் குழந்தையை இரண்டு மடங்காக்கினால் கோடு கிடைத்துவிடும். கூட்டமும் வாகனமும் கலந்த தெருவை வரைய இதைவிடச் சுருக்கமான கருவி கிடையாது. இணைகோடுகள் போய்ச் சேரும் மறைபுள்ளி ஒன்றுகூட வைக்காமல் தெருவில் ஆட்களையும் வண்டிகளையும் அளவு பிசகாமல் நிறுத்திவிடலாம். இருந்தும் பல வகுப்புகளில் மறைபுள்ளிகளைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள். கண்மட்டத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அல்பெர்ட்டிக்குப் பின் வந்தவர்களில் பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்கா துணிந்து ஒரு காரியம் செய்தார். ஓவியர்களுக்கான பர்ஸ்பெக்டிவ் பற்றி அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் மனிதத் தலையைக் கிடைமட்டத் தளங்களால் வெட்டி, வெட்டுமுகங்களின் ஓரத்தில் புள்ளிகளைக் குறித்து, மேல்பார்வையிலும் பக்கப்பார்வையிலும் அவற்றுக்கு எண்ணிட்டு, சாய்ந்த தலையின் தோற்றத்தைப் புள்ளி புள்ளியாக மீட்டெடுக்கிறார். இன்று டிராஃப்ட்ஸ்மேன் ஒரு காஸ்டிங்கை வரையும் முறை ஏறக்குறைய இதுதான். அதே நூலில் தூணின் அடித்தளமும் கிணற்றின் வாயும் வருகின்றன. தலைக்கென்று தனி விதி இல்லை.

நூரெம்பெர்கில் ஓவியர் டியூரர் 1525-இல் வெளியிட்ட அளவியல் நூலில் புகழ்பெற்ற ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. சுவரில் ஓர் ஆணி, அதுதான் கண். அதிலிருந்து இழுத்த நூல் ஒரு சட்டகத்தின் வழியே போய் மேசைமேல் கிடக்கும் லூட் என்ற நரம்பிசைக் கருவியைத் தொடுகிறது. நூல் சட்டகத்தைக் கடக்கும் இடமே தாளில் வைக்கவேண்டிய புள்ளி. அவர் மறைவுக்குப் பின் 1538-இல் வந்த பதிப்பில் சேர்ந்த இன்னொரு படத்தில், கட்டம்போட்ட சட்டகத்துக்கு அப்பால் ஒரு பெண் படுத்திருக்கிறார். ஓவியர் கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக் கட்டம் கட்டமாக வரைகிறார். இசைக்கருவியும் உடலும் ஒரே சட்டகத்தின் வழியே தாளுக்கு வருகின்றன. அதே 1538-இல், அதே நகரத்தில், எர்ஹார்ட் ஷோன் தம் பாடநூலில் உடலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து அறைக்குள் நிறுத்திக்காட்டினார். ஜெனோவாவின் லூகா கம்பியாஸோ கனசதுரங்களால் ஆன ஆட்கள் ஓடுவதையும் விழுவதையும் விரைவுக்கோடுகளில் வரைந்தார். இன்றைய கேலிச்சித்திர, அனிமேஷன் வகுப்புகளில் பெட்டி மனிதர்களைப் பார்த்துப் புதுமை என்று வியப்பவர்கள் கம்பியாஸோவின் தாள்களைப் பார்க்கவேண்டும்.

லியோனார்டோவிடம் இந்த ஒருமை உச்சத்துக்குப் போகிறது. மிலானில் உள்ள கோடெக்ஸ் அட்லான்டிகஸ் தொகுப்பில் ஒரு பாரந்தூக்கி வருகிறது. இடப்பக்கம் பூட்டிய நிலையில் முழுக் கருவி. வலப்பக்கம் அதே கருவியின் பல்சக்கரங்களும் தண்டும் ஒரே அச்சில் வரிசையாக விலக்கப்பட்டு நிற்கின்றன. பாகங்களைப் பிரித்துக்காட்டும் இந்த உத்தியை இன்றைய ஸ்பேர் பார்ட்ஸ் கையேடுகளில் தினமும் பார்க்கிறோம். இங்கிலாந்தின் விண்ட்சர் மாளிகையில் உள்ள அவருடைய உடற்கூற்றுத் தாள்களில் கழுத்தெலும்புகளை அவர் இதே போல் ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கி, எது எதில் பொருந்துகிறது என்று காட்டுகிறார். தோள்பட்டையை முன்னிருந்து பின்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அடுத்தடுத்து வரைகிறார். சில படங்களில் தசைகளைக் கயிறுகளாக மாற்றி எலும்பின்மேல் கட்டுகிறார், எது எதை இழுக்கிறது என்பது தெரியட்டும் என்று. எந்திரத்தைப் பார்த்த கண்ணோடு உடலைப் பார்த்தார், உடலைப் பார்த்த பொறுமையோடு எந்திரத்தைப் பார்த்தார். அவருக்கு இது இரண்டு துறையாகவே படவில்லை.

பிறகு எப்படிப் பிரிந்தது? தொழிலின் தேவை பிரித்தது, அதில் நியாயமும் இருந்தது. பர்ஸ்பெக்டிவ் படத்தில் தூரத்துக் கோடுகள் குறுகிவிடுவதால் ஸ்கேல் வைத்து நேராக அளக்க முடியாது. கோட்டை கட்டுகிறவருக்கும் இரும்பு வார்ப்பவருக்கும் அளவு வேண்டும். பிரான்ஸின் மெஸியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் காஸ்பார் மோன்ஜ் வகுத்த விவரண வடிவியல் அந்தத் தேவையை நிறைவேற்றியது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் பொருளின் வீழல்களை எடுத்தால் எந்தக் கனவடிவத்தையும் அளவோடு எழுதிவிடலாம். அதைப் பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1795-இல்தான் மோன்ஜால் பொதுவில் கற்பிக்க முடிந்தது. 1822-இல் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஃபாரிஷ் ஐசோமெட்ரிக் முறையை விளக்கி எழுதினார். வகுப்பில் காட்டுவதற்காக எந்திர மாதிரிகளைப் பொதுவான பாகங்களிலிருந்து பூட்டுவார், வகுப்பு முடிந்ததும் கழற்றுவார். உதவியாளர்கள் மறுபடி சரியாகப் பூட்ட ஒரு படம் வேண்டியிருந்தது: பார்த்தவுடன் உருவமும் புரிய வேண்டும், மூன்று அச்சிலும் ஸ்கேல் வைத்து அளக்கவும் முடிய வேண்டும். மூன்று அச்சுகளும் 120 டிகிரி இடைவெளியில் நிற்க, தூரத்தால் எதுவும் குறுகாத ஐசோமெட்ரிக் படம் அப்படி வந்தது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் இல்லாமல் தொழிற்சாலை இல்லை. இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. பொறியாளரின் படத்திலிருந்து பார்க்கும் கண் நீங்கியது, அதோடு உடலும் நீங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் வரைபடப் பாடத்தில் பர்ஸ்பெக்டிவ் பல ஆண்டுகளாகக் கடைசி அலகின் ஓரத்தில் இருந்துவந்தது. பட்டகத்தையோ பிரமிடையோ வைத்து, பார்வைக் கதிர் முறையில் கோடு கோடாக இழுத்து விடை காணும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். மறுபக்கம் ஓவியப் பள்ளி உடலைக் கண்ணால் பார்த்து நகலெடுக்கும் பயிற்சியில் ஒதுங்கிக்கொண்டது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியபோது கலையும் தொழிலும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்தப் பள்ளியின் வழிவந்த கல்லூரியில் படித்த ஓவியர் சில்பி, பிற்காலத்தில் ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்த படங்களில் சிலையின் உடலும் தூணின் வடிவமும் ஒரே கவனத்தோடு தாளில் நிற்கின்றன. நம்மிடமே அந்த மரபு இருந்திருக்கிறது.

இனி கற்றலுக்கு வருவோம். பர்ஸ்பெக்டிவில் புதியவரைத் தடுமாறவைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: இரண்டு மறைபுள்ளிகளையும் தாளுக்குள்ளேயே வைத்துவிடுவது. பெட்டியின் முன்மூலை கூர்மையாகத் துருத்திக்கொண்டு வரும். ஏன் என்பதற்குக் கணக்கு உண்டு. ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் அகலம் 29.7 சென்டிமீட்டர். கண் ஒருசேரப் பார்த்து நம்பும் பார்வைக் கூம்பு சுமார் 60 டிகிரி. அந்தக் கூம்பு தாளின் முழு அகலத்தையும் நிரப்பினால், கண் தாளிலிருந்து 25.7 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகப் பொருள். 45 டிகிரி திருப்பிய ஒரு பெட்டிக்கு மறைபுள்ளிகள் நடுவிலிருந்து இருபுறமும் 25.7 சென்டிமீட்டரில் விழும். அதாவது இரண்டும் தாளுக்கு வெளியே, இடைவெளி 51 சென்டிமீட்டருக்கு மேல். பெட்டியை 30, 60 டிகிரியில் வைத்தால் ஒரு புள்ளி தாளின் விளிம்பையொட்டி வரும், மற்றது 44.5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இரண்டு தூரங்களையும் பெருக்கினால் வருவது எப்போதும் கண்ணின் தூரத்தின் வர்க்கம். ஒன்று கிட்டே வந்தால் மற்றது அந்த விகிதத்தில் விலகியே தீரும். இதை ஒருமுறை தரையில் பெரிய தாள் விரித்து, நூல் கட்டி, தன் கையால் செய்து பார்த்தவருக்குப் பெட்டி எந்த அளவுக்குத்தான் குவியலாம் என்ற உணர்வு தங்கிவிடும். பிறகு மறைபுள்ளி வைக்காமலே போடலாம்.

பெட்டிக்கு அடுத்தது நீள்வட்டம். எந்திரம் வரைவதில் பாதி நீள்வட்டம் போடுவதுதான். பர்ஸ்பெக்டிவில் பார்க்கப்படும் வட்டம் உண்மையான நீள்வட்டமாகவே தெரியும். ஆனால் வட்டத்தின் மையம் நீள்வட்டத்தின் மையத்தில் இருக்காது, சற்றுத் தூரப்பக்கமாகத் தள்ளி இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் அச்சுத்தண்டு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது குறுகிய அச்சு, கிடக்கும். பார்வைக் கூம்புக்குள் இதை நம்பி வேலை செய்யலாம். நெட்டச்சை, அதாவது நீண்ட அச்சை, தரைக்குச் செங்குத்தாக நிறுத்திவிடுவதால்தான் பலருடைய சக்கரங்கள் கோணுகின்றன. காரின் பக்கத்தில் தூரச் சக்கரம் அருகுச் சக்கரத்தைவிட ஒடுங்கியிருக்கும். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் டம்ளரில் வாயைவிட அடி அகலமாகத் திறந்திருக்கும். இவற்றை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, கையில் ஒரு தட்டை வைத்துக் கண்முன்னே மெல்லத் திருப்பிப் பார்ப்பது மேல்.

இந்த இடத்தில்தான் உடல் உள்ளே வருகிறது. மேற்கை ஓர் உருளை. அது உங்களை நோக்கி நீள்கிறதா, விலகிப் போகிறதா என்பதைச் சொல்வது அதன் ஓரக்கோடுகள் அல்ல. குறுக்கே ஓடும் நீள்வட்டம்தான். வளையல், கைக்கடிகாரப் பட்டை, சட்டைக் கையின் விளிம்பு எல்லாம் அந்த நீள்வட்டத்தை வெளிக்காட்டுகின்றன. முழங்கை ஒரு கீல். அதற்கு ஓர் அச்சு உண்டு. அச்சு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் முன்கை சுழன்றுவரும் வட்டத்தை நீள்வட்டமாகப் போட்டுவிடலாம். கை எந்த நிலையில் இருந்தாலும் மணிக்கட்டு அந்தக் கோட்டில்தான் இருக்கும். எதிர்நோக்கி நீட்டிய கையின் குறுக்கத்தைக் கண் மதிப்பில் ஊகித்து ஊகித்து அழிப்பவர்கள், கதவு திறக்கும் கீலை வரையத் தெரிந்தால் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். விலாக்கூட்டையும் இடுப்பையும் இரண்டு பெட்டிகளாக எடுத்துக்கொண்டு, ஒன்று ஒருபுறமும் மற்றது மறுபுறமும் திரும்புவதை வரைந்தாலே நின்றிருக்கும் உடலுக்கு உயிர் வருகிறது.

ஆனால் விதியைக் கடைசிவரை உடலின்மேல் சுமத்தலாமா? பெரிய ஓவியர்கள் சுமத்தவில்லை. மிலானின் பிரேரா காட்சியகத்தில் உள்ள மான்டேன்யாவின் இறந்த கிறிஸ்து ஓவியத்தில் உடல் நம்மை நோக்கிக் கால்நீட்டிக் கிடக்கிறது. கணக்குப்படி பாதங்கள் மிகப் பெரிதாகவும் தலை சிறிதாகவும் வந்திருக்க வேண்டும். மான்டேன்யா பாதங்களைச் சிறிதாக்கித் தலையைப் பெரிதாகவே வைத்தார், முகத்தை நாம் இழந்துவிடாதபடி. ரஃபேலின் ஏதென்ஸ் பள்ளியில் மண்டபம் முழுதும் ஒற்றை மறைபுள்ளிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. வலது ஓரத்தில் இருவர் ஏந்தியிருக்கும் கோளங்கள் மட்டும் சரியான வட்டங்கள். தட்டையான சுவரில் மையத்திலிருந்து அவ்வளவு விலகி நிற்கும் கோளம் கணக்குப்படி நீள்வட்டமாக வரவேண்டும். அப்படிப் போட்டிருந்தால் பார்ப்பவர் அதைக் கோளம் என்று ஏற்றிருக்கமாட்டார். ஓரத்து மனிதர்களையும் அவர் இழுத்து அகலமாக்கவில்லை. உடலின் அளவை நம் கண் மிக நெருக்கமாக அறியும். அங்கே பொய் உடனே தெரிந்துவிடும். அதனால் கட்டடத்துக்கு முழு விதி, உடலுக்குத் தளர்த்திய விதி என்று நல்ல ஓவியங்கள் இரண்டையும் கலந்தே கையாள்கின்றன. விதியை மீறுவதற்கு எனக்குத் தெரிந்த தக்க காரணம் இதுதான். விதி தெரியாதவரால் இந்த மீறலைச் செய்யமுடியாது.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் பாலம் கட்டினார்கள். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீகில் கற்பித்த ஜார்ஜ் பிரிட்ஜ்மன் உடலைப் பெட்டிகளாகவும் ஆப்புகளாகவும் கட்டிக்காட்டினார். அவரிடம் படித்த ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் வெளியிட்ட உருவ ஓவிய நூலில் அழகான உடல்களுக்கு முன்பே தொடுவானத்தையும் அதில் ஆட்களை நிறுத்தும் முறையையும் விளக்கிவிடுகிறார். அந்த நூல் இன்றும் உதவுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். தொழில் வடிவமைப்பின் பக்கமிருந்து ஜே டாப்ளின் 1956-இல், வடிவமைப்பாளருக்கு நீண்ட கட்டுமானம் தேவையில்லை, சரியாக வரைந்த ஒரு கனசதுரத்தைப் பெருக்கியும் பிரித்தும் எதையும் கட்டலாம் என்று காட்டினார். ஃபோர்டில் வேலை பார்த்துப் பின்னர் 1982-இல் வந்த பிளேட் ரன்னர் படத்துக்கு வாகனங்கள் வடிவமைத்த சிட் மீட், தம் எதிர்கால வண்டிகளைச் சுற்றி ஆட்களை நிறுத்தினார். ஆள் இருப்பதால்தான் வண்டியின் அளவு நமக்குப் பிடிபடுகிறது. 2013-இல் ஸ்காட் ராபர்ட்சனும் தாமஸ் பெர்ட்லிங்கும் எழுதிய வரைகலை நூல் டாப்ளினின் வழியை இன்னும் விரிவாக்கி விமானம், கார் வரை கொண்டுபோகிறது. எந்திரத்துக்கு அதைவிடத் தெளிவான நூலை நான் கண்டதில்லை. உடலைத்தான் அது தொடவில்லை. 2022-இல் மறைந்த கொரிய ஓவியர் கிம் ஜங் கி முன்கோடு எதுவுமின்றிப் பெரிய தாள்களில் வீரர்கள், மோட்டார் சைக்கிள்கள், மிருகங்கள் என ஒரே மூச்சில் தூரிகைப் பேனாவால் வரைந்துகாட்டினார். அதை நினைவாற்றல் என்று மட்டும் சொல்வது பிழை. அவர் கையில் எல்லாமே திருப்பக்கூடிய கனவடிவங்களாக இருந்தன.

இத்தனை முறைகளில் எதை முதலில் எடுப்பது? கட்டுமான முறையில் தொடங்கு என்கிறது ஒரு தரப்பு. நேரில் பார்த்து வரை, விதி தானாக வரும் என்கிறது மற்றது. நேரில் பார்த்து மட்டும் வரைந்தவர் பார்த்த கோணத்தில் மட்டுமே வரைவார். கட்டுமானம் மட்டும் கற்றவரின் படத்தில் எல்லாம் சரியாக இருக்கும், எதற்கும் எடை இருக்காது. முதலில் சில வாரம் கண்மட்டமும் வெறுங்கையால் திருப்பிப் போடும் பெட்டிகளும், உடனே நீள்வட்டங்களும் உருளைகளும், அதே மாதத்தில் அந்த உருளைகளை வைத்தே நிற்கும், உட்காரும், குனியும் ஆட்கள் என்று போகலாம். அளந்து போடும் கட்டுமானம் நடுவில் ஒரே முறை, கண்ணைத் திருத்திக்கொள்வதற்காக. நேரில் பார்த்து வரைவது எல்லா நாளும். ஒரு நாள் பார்த்து வரைந்ததை மறுநாள் பார்க்காமல் வேறு கோணத்தில் திருப்பி வரைவதுதான் நடுவில் வைக்கவேண்டிய பயிற்சி. பொருளை உண்மையில் புரிந்துகொண்டோமா என்று அங்கேதான் தெரியும்.

பிளெண்டர் போன்ற மென்பொருளில் பெட்டியைச் சுழற்றினால் பர்ஸ்பெக்டிவ் இலவசமாகக் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கிடைக்கிறது, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் லென்ஸின் அகலத்தை எவ்வளவு வைப்பது, கண்ணை எந்த உயரத்தில் நிறுத்துவது, மான்டேன்யா போல எதைச் சிறிதாக்குவது என்ற முடிவுகளை மென்பொருள் எடுக்காது. வரையத் தெரிந்தவருக்கு அது வேகம் தருகிறது. வரையத் தெரியாதவர் அது காட்டிய கோணத்தையே ஏற்றுக்கொள்கிறார்.

உடலும் எந்திரமும் சேர்ந்த பயிற்சிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வளைவில் சாய்ந்து போகும் மோட்டார் சைக்கிளும் அதன் ஓட்டுநரும் என்பேன். இரண்டு சக்கரங்களின் அச்சுகளும் முதலில் வேண்டும்; வண்டி சாய்ந்ததும் அச்சுகள் சாய்கின்றன, குற்றச்சுகளும் கூடவே சாய்கின்றன. ஓட்டுநர் இருக்கையிலும் கைப்பிடிகளிலும் கால்மிதிகளிலும் வண்டியைத் தொடுகிறார். உடலை வரையும் முன் இந்த இடங்களைக் குறித்துவிட வேண்டும். இருக்கையின் தளத்தில் இடுப்புப் பெட்டி உட்காருகிறது, அதனால் அது வண்டியோடு சாய்கிறது. விலாக்கூடு அதிலிருந்து கொஞ்சம் மீண்டு நிமிர்கிறது. தலையை ஓட்டுநர்கள் பெரும்பாலும் சாலைக்கு நேராக நிமிர்த்தியே வைத்திருப்பார்கள். எனவே ஹெல்மெட்டின் நீள்வட்டம் வண்டியின் அச்சுக்குக் கட்டுப்படாது, கிளட்சைப் பிடித்த விரல்களின் உருளைகள் மட்டும் கைப்பிடியின் அச்சைச் சுற்றி வளையும். வெளிப்பக்கத்து முழங்கால் பெட்ரோல் டேங்கை அழுத்தும் இடத்தில் டேங்கின் வளைவும் தொடையின் வளைவும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோட்டை டேங்கின் பக்கமிருந்து ஒருமுறையும் தொடையின் பக்கமிருந்து ஒருமுறையும் போட்டுப் பார்த்து, இரண்டும் பொருந்தும்வரை திருத்தவேண்டும்.